மாயாவி மாறலாமா?

காமிக்ஸ் நாயகன் ஒருவனின் உடை, ஊர், பெயர், குணம், மனைவி ஆகியவற்றுள் எதையேனும் வாசகரைக் கேட்காமல் மாற்றினால் அவருக்கு வருவது காமிக்ஸ் கோபம். "இதுவரை நடந்ததெல்லாம் நடக்கவேயில்லை, முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம்" என்று பதிப்பகமே அறிவிக்கும்போது அது உச்சத்தை அடைகிறது. இப்படி ஆரம்பிப்பதற்கு அமெரிக்கர்கள் 'ரீபூட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அதற்குத் தனிப்பெயர் ஏதும் தேவைப்படவில்லை. "இன்னாய்யா, நம்ம ஆள இப்டி பண்ணி வச்சிருக்கானுங்க?" என்ற ஒரே வாக்கியம் எல்லா வகை ரீபூட்டுக்கும் போதுமானதாக இருக்கிறது.

இந்தக் கோபம் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் காணப்படுகிறது. காரணம் வரலாறு. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் 'இரும்புக்கை மாயாவி'யோடு வெளிவந்தது. 1984 ஜூலையில் அவர் மகன் விஜயனின் லயன் காமிக்ஸ் உளவு நாயகி மாடஸ்டியோடும், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடும் கடைக்கு வந்தன. அந்த மாதம் பத்து வயதாக இருந்தவர் இன்று மூட்டுவலிக்கு மாத்திரை போடும் வயதில் இருக்கிறார். மாயாவிக்கு மட்டும் வயதாகவில்லை. கோபத்தின் முதல் விதை இங்கேதான் விழுகிறது.

கிராமத்து வாசகர் காமிக்ஸைக் காசு கொடுத்து வாங்கியதைவிட சலூனில் படித்ததே அதிகம். சலூன் பிரதிக்குச் சில இலக்கணங்கள் உண்டு. அட்டை இருக்காது. நடுவில் ஊசி கழன்று நாலு பக்கம் தொங்கும். வில்லனுக்கு யாரோ பேனாவால் மீசை வைத்திருப்பார்கள்; நாயகிக்கும் வைத்திருப்பார்கள். கடைசித் தாள் சவரக்கத்தியின் நுரையை வழித்துத் துடைக்கப் போயிருக்கும். எனவே மாயாவி அணு உலையிலிருந்து தப்பினாரா இல்லையா என்பதை பெஞ்சில் இருப்பவர்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வேறு ஆட்கள் வந்து வேறு முடிவு செய்தார்கள். அதை யாரும் குற்றமாகக் கருதவில்லை. அதே வேலையை நியூயார்க்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்பவர்கள் மீதுதான் கோபம் வருகிறது.

பாதிக்கப்பட்டவர் எப்போதும் கேட்பது 'அசல்' மாயாவியை. ஆகவே அசல் எது என்று பார்ப்பது அவசியம். 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தோன்றியபோது, மாயாவியான லூயிஸ் கிராண்டேல் நல்லவரே அல்லர். ஆய்வுக்கூட உதவியாளர், கை போய் இரும்புக்கை வந்தவர், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர மற்றதெல்லாம் மறைந்துபோகும் என்று தெரிந்ததும் குற்றத்தில் இறங்கியவர். பின்னால்தான் திருந்தி, ரகசிய உளவாளியானார். தொலைக்காட்சியில் பேட்மேன் ஓடிக்கொண்டிருந்த 1960களின் பிற்பகுதியில் அவருக்கு ஒரு சூப்பர் ஹீரோ உடுப்பையும் மாட்டிவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் கழற்றியும் விட்டார்கள். மறைந்துபோவதையே தொழிலாகக் கொண்டவருக்கு உடுப்பு எதற்கு என்று பிரிட்டனில் யாரோ ஒருவர் கட்டாயம் கேட்டிருக்க வேண்டும். வில்லியனூர் வாசகரின் 'அசல்' மாயாவி, இத்தனை மாற்றங்களையும் பார்த்து முடித்துவிட்டுச் சிவகாசி வந்து சேர்ந்தவர்.

தமிழுக்கு வந்த இன்னொரு பிரிட்டிஷ் நாயகனான ஸ்பைடரின் கதையும் இதேதான். 1965இல் பிரிட்டிஷ் 'லயன்' இதழில் அவர் குற்றச் சாம்ராஜ்யம் அமைக்கக் கிளம்பிய மகா திருடர். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் கதை எழுத வந்தபின் அவர் நியாயத்தின் பக்கம் முழுதாகச் சாய்ந்தார். திருடர் நல்லவரானதைத் தமிழ் வாசகர் கைதட்டி ஏற்றுக்கொண்டார். ஏற்காதது இன்னொன்றை. 2002இல் திரைக்கு வந்த ஸ்பைடர்மேனைப் பார்த்து, "கூர்க் காதும் வலைத் துப்பாக்கியும் எங்கே?" என்று கேட்டவர்கள் உண்டு. உலகத்தில் பாதிப்பேர் அறிந்த நாயகன் பாகூர்ப் பக்கம் போலியாகக் கருதப்பட்டான். அங்கே முதலில் வந்து இடம் போட்டவர் சிவகாசி ஸ்பைடர்.

முகமூடி வீரர் ஃபேன்டம் விவகாரம் இன்னும் சிக்கலானது. லீ ஃபாக் 1936இல் இவரைப் படைத்தபோது மனத்தில் நினைத்த உடை சாம்பல் நிறம். 1939இல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கத்தில் அது ஊதாவாகிவிட்டது. இத்தாலியில் சிவப்பு, சுவீடனில் நீலம். இந்தியாவில் இந்திரஜால் காமிக்ஸ் 1964இல் இவரைக் கொண்டுவந்தபோது, 'பெங்காலி' என்ற அவருடைய நாட்டை யாரும் வங்காளம் என்று நினைத்துவிடக் கூடாதென்று 'டெங்காலி' ஆக்கியது. தமிழில் ஒரு பதிப்பகத்தார் இவரை வேதாளர் என்றார்கள். ராணி காமிக்ஸ் மாயாவி என்றது. ஆக, ஒரே பெட்டிக்கடைக் கயிற்றில் இரும்புக்கை மாயாவியும் முகமூடி மாயாவியும் அடுத்தடுத்துத் தொங்கினார்கள். "மாயாவி வந்துருச்சா?" என்று கேட்ட பையனிடம் கடைக்காரர் "எந்த மாயாவி?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. அண்மையில் சிவகாசியிலிருந்து வேதாளர் வண்ணத்தில் வரத் தொடங்கியதும், ராணி காமிக்ஸில் வளர்ந்த பிரிவினர் "மாயாவி பேரை மாத்திட்டாங்க" என்று மனமுடைந்தார்கள். எதிர்ப் பிரிவினர், மாற்றியதே ராணிதான் என்று சான்றுகளோடு நிறுவினார்கள். மண்டையோட்டுக் குகையில் வாழும் ஃபேன்டமிடம் இதுவரை யாரும் கருத்துக் கேட்கவில்லை.

பிரெஞ்சு மொழிக் காமிக்ஸ் விஷயத்தில் புதுச்சேரிக்கு ஒரு தனி உரிமை இருந்திருக்க வேண்டும். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண் இது. வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர்கள் தொட்டு இழுத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. ஆனாலும் லக்கி லூக் கப்பலேறி நேரே புதுச்சேரிக்கு வரவில்லை. சிவகாசி போய், தமிழ் கற்றுக்கொண்டு, பஸ் பார்சலில்தான் வந்தார். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946இல் படைத்த இந்தக் கௌபாய் முப்பது ஆண்டுக்கு மேல் வாயில் சிகரெட்டோடு திரிந்தவர். 1983இல் மோரிஸ் அதைப் பிடுங்கிவிட்டு ஒரு புல் தண்டை வைத்தார். அதற்காக உலக சுகாதார நிறுவனம் 1988இல் அவரைப் பாராட்டிப் பரிசும் கொடுத்தது. தமிழில் கதைகள் அசல் வரிசையில் வராததால், லக்கி லூக் ஒரு மாதம் புல் மென்றார், வேறொரு மாதம் புகை விட்டார். பாகூர் ஏரிப் பாசனத்தில் வளர்ந்த வாசகருக்கு வரப்பில் உட்கார்ந்து புல் கடிப்பவர் வேற்றாளாகத் தெரியவில்லை. சிகரெட் பிடித்தவர்தான் கெட்டுப்போன பிள்ளையாகத் தெரிந்தார். உலகம் எதை ரீபூட் என்று சொன்னதோ அதுவே இங்கு அசல்.

அமெரிக்க ரீபூட்டுகள் அளவில் பெரியவை. 2011 செப்டம்பரில் டிசி நிறுவனம் தன் கதையுலகத்தையே கலைத்து 52 இதழ்களை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. அதில் சூப்பர்மேனின் கல்யாணம் போயிற்று. பேன்ட்டுக்கு மேல் போட்டிருந்த சிவப்பு ஜட்டியும் போயிற்று. கல்யாணம் போனதைக் கிராமத்து வாசகர் ஓரளவு புரிந்துகொண்டார். ஜட்டி போனதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. இத்தனை ஆண்டு "ஜட்டியை வெளியே போடுறவனெல்லாம் ஹீரோவா?" என்று வீட்டார் கேட்டபோதெல்லாம் அதற்காக வாதாடியவர் அவர். 2018இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் ஆயிரமாவது இதழில் ஜட்டி திரும்பி வந்தது. ஸ்பைடர்மேனின் கல்யாணத்தையும் மார்வெல் 2007இல் ஒரு பிசாசோடு செய்த ஒப்பந்தத்தின் மூலம் இல்லாததாக்கியது. குடும்ப நீதிமன்றத்துக்கு அலைந்த எந்த வாசகருக்கும் இந்த வசதி கிடைத்ததில்லை.

2004இல் வந்த இந்திய ஸ்பைடர்மேன் தனிக் கவனத்துக்குரியவர். பெயர் பவித்ர் பிரபாகர், ஊர் மும்பை, மேலே சிலந்தி உடுப்பு, கீழே வேட்டி. சக்தி கொடுத்தது சிலந்திக் கடி அன்று, ஒரு யோகி. நம் நாட்டுக்காரர் என்பதால் நம் ஆட்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். தினமும் வேட்டி கட்டுகிறவர்களுக்கோ வேறு கேள்விகள் இருந்தன. மாடி விட்டு மாடி தாவும்போது மடித்துக் கட்ட வேண்டாமா? காற்றில் தலைகீழாகத் தொங்கினால் வேட்டி எந்தப் பக்கம் போகும்? பஞ்சகச்சம் என்றால் கட்டிவிட யார் இருக்கிறார்கள்? வில்லியனூர்ச் சந்தையில் சைக்கிள் ஓட்டுகிறவர் ஒரே நாளில் கண்டுபிடிக்கும் இந்தச் சிக்கல்களை அந்த இதழ்கள் தொடவில்லை.

பதிப்பகங்கள் ஏன் மாற்றுகின்றன என்பதற்கு விடை எளிது. எண்பது ஆண்டுக் கதையைப் படித்துவிட்டு வா என்று சொன்னால் புது வாசகர் வரமாட்டார். ஒன்றாம் எண் போட்ட இதழ் நன்றாக விற்கும். பழைய எழுத்தாளர் போய்ப் புதியவர் வந்தால் தன் முத்திரையைப் பதிக்க விரும்புவார். பழைய வாசகரின் கோபம் இந்தக் கணக்கில் நஷ்டமாக எழுதப்படுவதில்லை. அவர் திட்டுவதற்காகவாவது புது இதழை வாங்கிவிடுவார் என்பது பதிப்பகத்துக்குத் தெரியும்.

மாற்றத்தை இந்த ஊர்க்காரர்கள் வெறுப்பவர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று அதே கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்ப்பவர்கள் இவர்கள். அங்கே கட்டியக்காரன் துரியோதனன் சபையில் நின்றுகொண்டு ரேஷன் அரிசியைப் பற்றியும் செல்போன் ரீசார்ஜ் பற்றியும் பேசுவான். அஸ்தினாபுரத்தில் ரேஷன் கடை ஏது என்று ஒருவரும் எழுந்து கேட்பதில்லை. ஆனால் கடைசி நாள் படுகளத்தில், களிமண்ணால் நீளமாகப் படுக்க வைத்த துரியோதனன் தொடை பிளந்தாக வேண்டும், திரௌபதி கூந்தலை முடித்தாக வேண்டும். அதில் கைவைத்தால் கூத்துக்காரர் ஊர் திரும்புவது சிரமம். காமிக்ஸ் வாசகரின் சட்டமும் இதுவே. சுற்றியுள்ளதை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். ஆளை அடையாளம் காட்டும் ஒன்றைத் தொடக் கூடாது. மாயாவிக்கு இரும்புக்கை, ஸ்பைடருக்குக் கூர்க் காது, சூப்பர்மேனுக்குப் பேன்ட்டுக்கு மேல் உள்ளது. கூத்து வாத்தியார்களுக்கு இது பரம்பரையாகத் தெரியும். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

மாறாத நாயகனைக் கொடுத்தால் கோபம் தீருமா என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 1948இல் இத்தாலியில் தோன்றிய டெக்ஸ் வில்லர் மஞ்சள் சட்டையும் சுடும் வேகமும் குறையாமல் இன்றும் லயனில் வந்துகொண்டிருக்கிறார். அவரைப் பற்றிய புகார், "எப்பப் பாத்தாலும் அதே மஞ்சச் சட்டைதானா?" என்பது. 2012க்குப் பிறகு லயனும் முத்துவும் வழுவழுத் தாளில் முழு வண்ணத்தில் வந்தபோது, கறுப்பு வெள்ளையில் இருந்த விறுவிறுப்பு போய்விட்டது என்றார்கள். பழைய கதைகளையே மறுபதிப்புச் செய்தால், பழைய தாளின் வாசனை இல்லை என்கிறார்கள். அந்த வாசனையில் பாதி சலூனுடையது என்பதால் சிவகாசியால் அதைக் கொடுக்க இயலாது.

நோய்க்கு மருந்து கிடையாது; பத்தியம் உண்டு. சிலர் பரணில் உள்ள பழைய இதழ்களை மட்டும் படிக்கிறார்கள். சிலர் "இந்த வருஷத்தோட சரி" என்று சொல்லி, ஆண்டுச் சந்தாவை முதல் ஆளாகக் கட்டுகிறார்கள். சிலர் பையனுக்கோ பெண்ணுக்கோ வாங்கிக் கொடுத்துத் தங்கள் கோபத்தைச் சொத்தாக மாற்ற முயல்கிறார்கள். பிள்ளைகள் புது உடுப்புப் போட்ட சூப்பர்மேனைப் பார்த்து "நல்லாத்தானே இருக்காரு" என்கிறார்கள். அவர்களுக்கு அவரே முதல் ஆள். இன்னும் முப்பது ஆண்டில் அவரையும் யாராவது மாற்றுவார்கள். அப்போது கோபப்படுவதற்கான எல்லாத் தகுதியும் அந்தப் பிள்ளைகளுக்கு வந்துவிட்டிருக்கும்.