வலிக்கு ரசீது உண்டா?

இதனால் ஜவ்வாது மலை மகாசனங்கள் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: வைத்தியத்தில் பிசகு நடந்து நீங்கள் துடித்தால், அந்தத் துடிப்புக்கும் நஷ்டஈடு உண்டு. ஆனால் துடிப்பதற்கு முன் பில் வாங்கியிருக்க வேண்டும்.

எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரியில் படுத்தவர் நுகர்வோர் அல்ல என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சீட்டுக்குச் சில்லறை கொடுத்திருந்தாலும் அல்ல. நுகர்வோர் கோர்ட் இல்லாவிட்டால் ஹைகோர்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சென்னையில்.

ஜெயித்தவர்களும் உண்டு. 1996-ல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் பிறந்த குறைமாதக் குழந்தைக்குப் பார்வை பறிபோனதற்கு 2015-ல் சுமார் 1.8 கோடி கிடைத்தது. குழந்தைக்கு அதற்குள் ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டது.

வலியின் விலை எவ்வளவு? கொல்கத்தாவில் தவறான சிகிச்சை பெற்று, உடம்பெல்லாம் தோல் உரிந்து 1998-ல் இறந்தார் குணால் சாஹா என்பவரின் மனைவி. 2013 தீர்ப்பில் மொத்தம் சுமார் 6 கோடி. அதில் 5.72 கோடி, அவர் உயிரோடிருந்தால் சம்பாதித்திருக்கும் வருமானத்துக்கு. வலிக்கும் வேதனைக்கும் 10 லட்சம். தராசில் உடம்பை வைப்பதில்லை, சம்பளச் சீட்டைத்தான் வைக்கிறார்கள். சாமை விதைத்துப் புளி உலுக்குகிறவளுக்குச் சம்பளச் சீட்டு யார் எழுதித் தருவார்?

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. டாக்டர் தப்பு செய்தால்தானே நஷ்டஈடு? டாக்டர் வரைக்கும் ஆளையே போகவிடாவிட்டால் தப்புக்கே இடமில்லை!

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. அப்போது ரோடு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. அறுத்துப் பார்த்துக் கொடுத்த உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், வண்டிப்பாதை முடிந்த இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியது. அங்கிருந்து பெற்றவள் பிள்ளையைக் கையில் ஏந்தி மலை ஏறினாள். எந்த டாக்டரும் பிசகவில்லை. எந்த ஃபைலிலும் கவனக்குறைவு இல்லை. அதே ஜவ்வாது மலையில் காவலூருக்கு நல்ல ரோடு உண்டு. அங்கே போனால் வானாய்வகத்தில் நட்சத்திரம் பார்க்கலாம்.

ஆகவே மகாசனங்களே, அடுத்த முறை டோலி கட்டும்போது மூங்கிலோடும் போர்வையோடும் ஒரு பில் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கி இறங்குகிற நாலு பேரின் தோள்வலியை வரிவரியாக எழுதுங்கள். உள்ளே கிடக்கிறவள் பல்லைக் கடித்த ஒவ்வொரு வளைவையும் எழுதுங்கள். கொண்டுபோய், ரோடு போட வேண்டியவர்கள் மேசையில் வையுங்கள். ரசீது கேட்டவர்கள் அவர்கள்தானே!