நிலையான டெபியனை ஆட்டம் காண வைப்பது எப்படி?

டெபியன் 13 போட்டிருக்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த ட்ரிக்ஸி. மாதக்கணக்கில் ஒரு முனகல் இல்லாமல் ஓடுகிறது. போரடிக்கிறது, இல்லையா? நல்லவேளை, நீங்கள் தேடும் மென்பொருளின் பழைய பதிப்புதான் அதில் இருக்கிறது. அது போதும், ஆரம்பிக்கலாம்.

1. முதலில், எதையும் தேடாதீர்கள். களஞ்சியத்தில் 60,000-க்கும் மேல் பேக்கேஜ்கள் கிடக்கின்றன. கேட்டது கிடைத்துத் தொலைக்கும். பேக்போர்ட்ஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். புதுப் பதிப்பை உங்கள் வெளியீட்டுக்கென்றே திரும்பக் கட்டி வைத்திருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டால் ராத்திரியை எப்படிக் கழிப்பீர்கள்?

2. பைத்தான் நூலகம் ஏதாவது வேண்டுமா? சுடோ போட்டு 'பிப் இன்ஸ்டால்' அடியுங்கள். டெபியன் 12-லிருந்து பிப் மறுத்துவிடும். தனியாக வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வைத்துக்கொள் என்று புத்தி சொல்லும். மீறுவதற்கும் ஓர் ஆப்ஷன் உண்டு. அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்தவர்களை ஏமாற்றலாமா? சேருங்கள்.

3. அடுத்து, சோர்ஸை இறக்கி 'மேக் இன்ஸ்டால்' கொடுங்கள். முடிந்த கையோடு அந்த ஃபோல்டரை அழித்துவிடுங்கள். 'மேக் அன்இன்ஸ்டால்' என்று ஒன்று இருந்தால் அதுவும் தொலையட்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற நூலகமாகப் பார்த்துச் செய்தால் பலன் அதிகம். யூஎஸ்ஆர் லோக்கலில் போய் உட்காரும் உங்கள் பிரதிதான் முதலில் எடுபடும். டெபியன் பாதுகாப்புக் குழு ஓட்டையை அடைத்து அனுப்பும், ஆப்ட்டும் பொறுப்பாக நிறுவும். நீங்கள் ஓட்டையையே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். இதைக் கண்டுபிடிக்க வருஷங்கள் ஆகலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான்.

4. உபுண்டுக்காரர்களின் பிபிஏ ஒன்றைச் சேருங்கள். உபுண்டு டெபியன் வயிற்றில் பிறந்ததுதானே, ஒத்துப்போகாமலா இருக்கும்? கையொப்பம் சரிபார்க்க முடியவில்லை என்று ஆப்ட் கத்தும். பிபிஏவைச் சேர்த்த வரியில் 'ட்ரஸ்டட்=யெஸ்' எழுதி வாயை அடையுங்கள்.

5. இப்போது சிட். டெபியன் வெளியீடுகளுக்கு டாய் ஸ்டோரி பாத்திரங்களின் பெயர். அதில் பொம்மைகளை உடைக்கும் பையன்தான் சிட். நிலையற்ற கிளைக்கு நிரந்தரமாக அந்தப் பெயர். அதை சோர்சஸ் லிஸ்டில் சேருங்கள். பின்னிங் செய்யாதீர்கள், அது கோழைகளுக்கு. ஒரே ஒரு நிரலைக் கேளுங்கள். அது புதிய லிப்சி கேட்கும், அதன் பின்னால் இன்னும் நாற்பது வரும். ஒருவருக்குப் பத்திரிகை வைத்தால் ஊரே பந்தியில் உட்காருகிற கதை. மறுநாள் பழக்கதோஷத்தில் 'அப்கிரேட்' கொடுத்தால் மிச்சமிருப்பதும் சிட்டுக்கே போய்ச் சேரும். திரும்பி வரலாமென்று பார்க்காதீர்கள். ஆப்ட்டுக்கு ஏறத்தான் தெரியும்.

6. 'இவை நீக்கப்படும்' என்று ஒரு பட்டியல் வரும். படிக்காதீர்கள். 2021-இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ்-இல் ஸ்டீம் நிறுவப் போனார். 'சொன்னதைச் செய்' என்று முழு வாக்கியத்தையே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொன்னது ஆப்ட். செய்தார். டெஸ்க்டாப்பே கழன்று போனது. அதன்பிறகு ஆப்ட்காரர்கள் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். இன்று அத்தியாவசியப் பேக்கேஜைப் பிடுங்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு நீளமான ஆப்ஷனை நீங்களே தேடிப் பிடித்து அடிக்க வேண்டும். கொஞ்சம் சிரமம்தான். முயற்சியைக் கைவிடாதீர்கள்.

7. எல்லாம் பாதியில் நின்றால் டிபிகேஜியை 'ஃபோர்ஸ் ஆல்' கொடுத்து ஓட்டுங்கள். நின்றது ஏன் என்று பார்க்காதீர்கள்.

8. ரீபூட். கறுப்புத் திரை, மூலையில் கர்சர் மட்டும். விஷயம் தெரிந்த நண்பர் பென்டிரைவோடு வருவார். காபி கொடுத்து உட்கார வைத்து, "நான் ஒண்ணுமே பண்ணலப்பா, தானா போயிடுச்சு" என்று சொல்லுங்கள். பேக்கப் இருக்கிறதா என்று கேட்பார். இந்தக் கையேட்டில் அப்படி ஒரு படி கிடையாது.