சூலமும் சுங்கச்சாவடியும்: சென்னை–மும்பை கார்ப் பயணத் திட்டம் பற்றிய ஓர் ஆய்வு

சென்னையிலிருந்து மும்பைக்கு விமானத்தில் போக இரண்டு மணி நேரம். சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய 1,330 கிலோமீட்டர். ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் சக்கரத்தில் கரைந்துவிடும். இந்த இரண்டு உண்மைகளும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், மும்பை மாட்டுங்காவில் கல்யாணம் என்று பத்திரிகை வந்த அன்றே யாராவது ஒருவர், "பேசாம கார்லயே போயிடலாமே" என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒற்றை வாக்கியம் எவ்வாறு குடும்பத் தீர்மானமாக முற்றுகிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். பயணம் நம் எல்லைக்குள் வராது. பயணத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. திட்டத்தைத்தான் அறிஞர் உலகம் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது.

முன்னோர் அப்படி விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் பாணரையும் பொருநரையும் கூத்தரையும் பற்றியவற்றில், வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்புகிற ஒருவன் எதிரே வாடி வருகிறவனை மறித்து, இந்த வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னது சாப்பிடக் கிடைக்கும் என்று விவரிக்கிறான். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக்குச் சுட்ட மீன், வேலூருக்குப் புளி சேர்ந்த சுடுசோறு, ஆமூருக்கு நண்டுக் கலவையோடு வெண்சோறு என்று ஊர்வாரியாகப் பட்டியலே இருக்கிறது. (இது ஓய்மானாட்டு வேலூர். கோட்டையும் ஆஸ்பத்திரியும் இருக்கிற வேலூரென்று நினைத்து அங்கே புளிச்சோறு கேட்க வேண்டாம்.)

இன்று இந்தப் பணியைச் செய்பவர் பெரியப்பா. அவர் ஏற்கெனவே காரில் மும்பைக்குப் போய் வந்தவர்; ஆகவே அந்தச் சாலைக்கு அத்தாரிட்டி. ஆம்பூரில் பிரியாணி, தும்கூர் பக்கம் க்யாத்சந்திராவில் தட்டு இட்லி, தாவணகெரேயில் பெண்ணெ தோசை, தார்வாடில் பேடா, பெளகாவியில் குந்தா, கோலாப்பூரில் மிசல், லோனாவாலாவில் சிக்கி என்று இடதுகை விரல்களை மடக்கிக்கொண்டே போவார். சாலை எங்கே குண்டும் குழியுமாக இருக்கும் என்று கேட்டால் அவருக்கு நினைவிராது. கம்பட்கி மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது பற்றியும் பேசமாட்டார். எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தம் என்பது மட்டும் கல்வெட்டாக நிற்கும். நெடுஞ்சாலைகளுக்கு 2010-இல் எண்கள் மாற்றப்பட்டு, டெல்லியிலிருந்து சென்னை வரை வருகிற இந்தச் சாலை 48 ஆகிவிட்டது என்று எடுத்துச் சொன்னாலும் அவர் ஏற்பதில்லை. அவருக்கு அது என்றைக்கும் என்.எச். 4 தான். சங்ககாலப் பாணனுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: பாணன் வழி சொன்னதோடு சரி, பெரியப்பா, "வர்றப்ப எனக்கு அரைக் கிலோ பேடா" என்று முடிப்பார்.

அடுத்தது கணக்கு. இங்கே ஆய்வாளர் மிகுந்த எச்சரிக்கையோடு நடக்க வேண்டும், ஏனெனில் தரவுகள் சுயமாக நகரக்கூடியவை. வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் என்று திட்டத் தாளில் எழுதப்படுகிறது. 66 லிட்டர் சொச்சம் வருகிறது. அதே வண்டி மாதக் கடைசியில், "பெட்ரோலைக் குடிக்குது, 15 கூடத் தரமாட்டேங்குது" என்று திட்டு வாங்கிய வண்டிதான். பதினைந்து என்று போட்டால் 89 லிட்டர் ஆகும், அதனால் போடுவதில்லை. விமானச் செலவில் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போகும் டாக்சி, விமான நிலையத்தில் குடிக்கப்போகும் காபி எல்லாம் சேரும். கார்ச் செலவிலோ ஓட்டல் அறை சேராது ("எங்கயாவது படுத்துக்கலாம்"), சாப்பாடு சேராது ("வீட்ல இருந்தாலும் சாப்பிடத்தானே போறோம்"), பேடாவும் குந்தாவும் சேரவே சேராது. திரும்பி வர வேண்டும் என்பதைப் பல தாள்களில் காணோம்.

சுங்கம் தனி இயல். 2025 ஆகஸ்ட் 15 அன்று சொந்தக் கார்களுக்கு 3,000 ரூபாயில் ஃபாஸ்டாக் ஆண்டு பாஸ் அறிமுகமானது. ஓராண்டு அல்லது 200 முறை, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். இதை வாங்கியதும் குடும்பத்தில் ஒருவர், "இனிமே டோலே கிடையாது" என்று அறிவித்துவிடுவார். பாஸ் செல்லுவது தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச்சாலைகளிலும்தான். பெங்களூரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோடு தனியாருடையது; மும்பை–புனே விரைவுச்சாலை மகாராஷ்டிர அரசு நிறுவனத்தின் கையில் இருப்பது. இரண்டிலும் வழக்கம்போல் காசு போகும். பாஸ் வாங்கிய காசையும் கணக்கில் எழுத வேண்டுமே என்று கேட்ட மருமகள்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் தரப்பட்டதாகச் சான்றில்லை.

நேரத்தை அளக்கும் முறையும் இப்படித்தான். விமானத்துக்கான நேரம் வீட்டுப் பூட்டைப் பூட்டும் கணத்திலிருந்து அளக்கப்படுகிறது: கத்திப்பாரா நெரிசல், பாதுகாப்புச் சோதனை வரிசை, மும்பையில் பெட்டிக்காகக் காத்திருப்பது, அங்கிருந்து மாட்டுங்கா என்று கூட்டிக் கூட்டி, இரண்டு மணி நேரம் அரை நாளாகி நிற்கும். காருக்கான நேரமோ ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதிலிருந்துதான் தொடங்குகிறது. அதுவரை பூந்தமல்லியில் நின்றதெல்லாம் பயணம் அல்ல என்பது சாலைவாதிகளின் துணிபு. இட்லி சாப்பிட நின்ற நேரமும் கழிவு.

நாள் குறிப்பது இதைவிட நுட்பமானது. மும்பை நமக்கு வடமேற்கில் இருக்கிறது. பஞ்சாங்கப்படி செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். வாரத்தில் நான்கு நாள் ஒரே வீச்சில் போயிற்று. மிச்சம் திங்கள், வியாழன், சனி. சனிக்கிழமை கிளம்பலாம்தான், ஆனால் ஒன்பது மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் இந்த வீட்டில் யாரும் குளித்து முடித்ததாக வரலாறு இல்லை. கடைசியில் ஆபீஸ் லீவு வெள்ளிக்கிழமையைத்தான் கொடுக்கிறது. மேற்குச் சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம் என்பதால் பாட்டி ஆளுக்கு ஒரு துண்டு வாயில் போட்டு அனுப்புகிறாள். விமானத்துக்கு இந்தச் சிக்கலே எழுவதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை எதிர்த்துத்தான் அது கிளம்பும். விமானியிடம் சூலம் பேசிப் பயனில்லை.

மூட்டை விஷயத்தில் சாலைவாதிகளின் வாதம் வலுவானது என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்கிறேன். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பெட்டியில் 15 கிலோ, கையில் 7 கிலோ. மணப்பெண்ணுக்கு என்று எடுத்துவைத்த வெண்கல உருளியே அதில் பாதியைத் தின்றுவிடும். கார் டிக்கியை நிறுத்துப் பார்க்க ஆளில்லை. ஆனால் இந்தச் சுதந்திரம் எங்கே போய் முடிகிறது என்றால், இரண்டு தலையணை, ஒரு பாய், பால் குக்கர், 'வழியில் கிடைக்காது' என்று பத்து லிட்டர் மெட்ரோ வாட்டர் ஆகியவற்றில். டிக்கி மூடாமல் போனபின், எதை எடுப்பது என்ற விவாதத்தில் எப்போதும் ஸ்டெப்னி டயரின் பெயர் ஒருமுறையாவது அடிபடும்.

இவ்வளவு தரவுகளையும் அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும். கணக்கோ நேரமோ மூட்டையோ முடிவைத் தீர்மானிக்கவில்லை. முடிவு ஏற்பட்ட பிறகு அதற்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவை அவை. முதல் வாக்கியத்தைச் சொன்னவர் யார் என்று தேடிப் போனால், ஏறத்தாழ எல்லா வீட்டிலும் அவர் வண்டி ஓட்டுகிறவராகவே இருக்கிறார். தவணை கட்டி வாங்கிய அந்த வண்டி, வருஷம் முழுக்க வீட்டுக்கும் ஆபீசுக்கும் இடையே இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு கிடக்கிறது. ஐந்தாவது கியர் ஒன்று இருப்பதை அவர் விளம்பரத்தில் படித்ததோடு சரி. சித்ரதுர்கா கோட்டை ஒரு பக்கம் தெரிய, ஆளில்லாத நெடுஞ்சாலையில் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இதை அப்படியே சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். எனவே லிட்டருக்கு இருபது என்று எழுதுகிறார்.

ஆகவே அந்தத் தாளை உங்கள் முன் நீட்டினால், தயவுசெய்து கூட்டலைச் சரிபார்க்காதீர்கள். ஃபாஸ்டாக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மூச்சில் ஓட்டிவிடுவேன் என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாமல், ஹூப்ளியில் இரவு தங்க ஓர் அறை போடச் சொல்லுங்கள்.