ஊதச் சொல்வது எதற்கு?

திருநெல்வேலி வாசகி: லண்டனில் இருக்கும் என் மகள் மாசமாக இருக்கிறாள். முதல் செக்-அப்புக்குப் போனபோது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களை போலீஸ் ஊதச் சொல்கிற மாதிரி அவளையும் ஒரு கருவியில் ஊதச் சொன்னார்களாம். சிகரெட் வாசனையே ஆகாத பெண்! இது அவமானம் இல்லையா?

உங்கள் மகளை மட்டும் ஊதச் சொல்லியிருந்தால் அவமானம்தான். அங்கே வருகிற எல்லாக் கர்ப்பிணிகளையும் ஊதச் சொல்கிறார்கள். முகத்தைப் பார்த்து, உடையைப் பார்த்து, விலாசத்தைப் பார்த்துச் சிலரை மட்டும் பொறுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. 2010-ல் இங்கிலாந்தின் 'நைஸ்' என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு இதைப் பரிந்துரைத்தது. சிகரெட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு மூச்சில் எவ்வளவு இருக்கிறது என்று கருவி காட்டும். பத்து லட்சத்தில் 4 பங்கு அல்லது அதற்கு மேல் என்றால், புகையை விட உதவும் பிரிவுக்கு மிட்வைஃப் அனுப்பிவைப்பார். ஏறத்தாழ 36-வது வாரத்தில் இன்னொரு முறை ஊதச் சொல்வார்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். அதற்காகப் பிரசவம் பார்க்க மாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

கும்பகோணம் வாசகர்: "புகைப்பீர்களா?" என்று வாயால் கேட்டால் போதாதா? இதற்கொரு கருவியா?

கேட்டுப் பார்த்தார்கள். மேற்கு ஸ்காட்லாந்தில் கர்ப்பிணிகள் வாயால் சொன்னதையும், அவர்கள் ரத்தத்தில் இருந்த கோட்டினினையும் ஒப்பிட்ட ஆய்வு 2009-ல் வெளியானது. நிகோட்டினை உடல் உடைக்கும்போது உண்டாவதுதான் கோட்டினின். புகைப்பதாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்; ரத்தம் சொன்னது 30 சதவீதம். புகைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதை மறைத்திருந்தார்.

இவர்களைப் பொய்க்காரிகள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு "ஆமாம், புகைக்கிறேன்" என்று ஒரு முன்பின் தெரியாதவரிடம் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மறைத்தவருக்கு உதவி போய்ச் சேராது. எனக்கு அந்த இழப்புதான் பெரிதாகத் தெரிகிறது.

சேலம் கல்லூரி மாணவி: கருவி தப்பே செய்யாதா?

செய்யும். கார்பன் மோனாக்சைடு சில மணி நேரத்தில் மூச்சிலிருந்து வடிந்துவிடும். நேற்று மாலையோடு நிறுத்திவிட்டு இன்று மதியம் வந்தால் எண் குறைவாகவே காட்டலாம். பால் செரிக்காத உடல்வாகு உள்ளவர்களின் மூச்சில் ஹைட்ரஜன் கூடுதலாக இருக்கும். கருவி அதைத் தவறாகப் படித்து எண்ணை ஏற்றிவிடும். கோட்டினின் பரிசோதனை இன்னும் நுட்பமானது. ஆனால் புகையை விடுவதற்காக நிகோட்டின் பட்டை ஒட்டியிருப்பவருக்கும் அது 'இருக்கிறது' என்றே சொல்லும்.

புகைக்கவே புகைக்காத பெண்ணுக்கு எண் எகிறினால் அதுவும் பயன்தான். வீட்டில் ஹீட்டரோ கேஸ் அடுப்போ பழுதாகி நச்சுவாயு கசிகிறதா என்று உடனே பார்க்கச் சொல்வார்கள். குடும்பமே பிழைக்கும்.

எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, பேச்சைத் தொடங்க வேண்டும். "இது ஏன் இவ்வளவு இருக்கு, சொல்லுங்கம்மா" என்று கேட்கத் தெரிந்த செவிலியர் கையில்தான் அந்தக் கருவிக்கு மதிப்பு.

தஞ்சாவூர் வாசகர்: புகை போவது தாயின் நுரையீரலுக்கு. குழந்தை மூச்சே விடுவதில்லையே, அதற்கு என்ன கெடுதல்?

குழந்தைக்கு வேண்டிய ஆக்சிஜன் முழுவதும் தாயின் ரத்தம் வழியாகத்தானே வர வேண்டும்! நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைடைக் கண்டால் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பற்றிக்கொள்ளும். அந்த வாயு நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், தாயின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிக அளவில் குழந்தையின் ரத்தத்தில் சேர்கிறது. கூடவே நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் உள்ளே ஆக்சிஜன் குறைகிறது.

1957-லேயே கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் வினியா சிம்ப்சன் என்ற மருத்துவர், புகைக்கும் தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் அதிகம் என்று எழுதினார். மறு ஆண்டு மார்ச்சில், பிரிட்டனில் ஒரு வாரம் பிறந்த ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் கணக்கெடுத்தார்கள். அந்தத் தகவல்களை நெவில் பட்லரும் அவருடைய குழுவினரும் வருடக்கணக்காக அலசி, புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கின்றன, பிரசவத்தை ஒட்டி இறப்பதும் அதிகம் என்று 1972-ல் காட்டினார்கள். எடைக் குறைவு சராசரியாக 200 கிராமை ஒட்டி இருக்கும். தொட்டிலில் தூங்கும் குழந்தை காரணம் தெரியாமல் இறந்துபோவதும் இந்த வீடுகளில் அதிகம்.

பெயர் வேண்டாம், கோவை: குழந்தை சின்னதாக இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று தோழி சொல்கிறாள்.

1971-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதே வாதத்தைச் சொன்னவர் ஜோசஃப் கல்மன். சில பெண்கள் சிறிய குழந்தைகளையே விரும்புவார்கள் என்றார். அவர் பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனத்தின் தலைவர். உங்கள் தோழிக்கு அந்த நிறுவனத்தில் பங்கு எதுவும் இல்லாததால், அவர் மனம் மாறுவார் என்று நம்புகிறேன். மூச்சுக்குத் திணறியே எடை குறைந்த குழந்தைக்கு வலியைத் தாங்கும் தெம்பும் குறைவு. அதன் தலை அப்படியொன்றும் சிறுத்துவிடுவதும் இல்லை.

பெயர் வேண்டாம், பெங்களூரு: எனக்கு மூன்றாவது மாதம். இதுவரை புகைத்துவிட்டேன். இனி விட்டு என்ன பயன்?

நிறைய! இந்த வாரக் கேள்விகளில் உங்களுக்குப் பதில் எழுதத்தான் எனக்கு மகிழ்ச்சி. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 2,500 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. 15 வாரத்துக்குள் விட்டுவிட்டவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் 4 சதவீதம். புகைக்காதவர்களுக்கும் அதே 4. விடாதவர்களுக்கு 10. குழந்தையின் வளர்ச்சிக் குறைவிலும் இதே கதைதான்: விட்டவரும் தொடாதவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். 15 வாரம் தாண்டியவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. விடுகிற நாளிலிருந்து குழந்தைக்கு ஆக்சிஜன் கூடும். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இன்றைக்கே.

மதுரை வாசகி: பெற்ற பிள்ளைமேல் பாசம் இருந்தால் ஒரே நாளில் விட்டுவிட மாட்டாளா?

இந்தக் கேள்விதான் அந்தப் பெண்களை வாய்மூட வைக்கிறது. பாசம் இருக்கிறது, உடல் எதிராக நிற்கிறது. கர்ப்பக் காலத்தில் நிகோட்டினை உடல் வழக்கத்தைவிட வேகமாகக் கரைக்கிறது. மற்ற நாளில் கோட்டினின் பாதியாகக் குறைய 17 மணி நேரம்போல் ஆகும். கர்ப்பிணிக்கு ஏறத்தாழ 9 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதாவது ஏக்கம் சீக்கிரம் திரும்பி வரும். விட வேண்டும் என்று அவள் துடிக்கிற அதே மாதங்களில் விடுவது இன்னும் கடினமாகிறது!

நிகோட்டின் பட்டை போதிய பலன் தராததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள்: பட்டை ஒட்டியவர்களுக்கும் நிகோட்டின் இல்லாத வெறும் பட்டை ஒட்டியவர்களுக்கும் பிரசவ நேரத்தில் பெரிய வித்தியாசமில்லை, ஒரு மாதத்துக்கு மேல் ஒட்டியவர்களே மிகக் குறைவு. வறுமையையும் சேர்த்துப் பாருங்கள். பிரிட்டனில் கர்ப்பத்தில் புகைப்பது ஏழைப் பகுதிகளில்தான் அதிகம். கணவர் புகைப்பார், மாமியார் புகைப்பார், பக்கத்து வீட்டுத் தோழி நீட்டுவாள். அந்த வீட்டில் அவளை மட்டும் பாசத்தைக் காட்டி மிரட்டுவது அநியாயம்.

சென்னை வாசகர்: விட்டால் பணம் கொடுக்கிறார்களாமே! கெட்ட பழக்கத்துக்குப் பரிசா?

விட்டதற்குப் பரிசு. கிளாஸ்கோவில் 612 பெண்களிடம் சோதித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான ஆலோசனை உண்டு. பாதிப் பேருக்கு அதோடு 400 பவுண்டு வரை கடைக் கூப்பன். ஆலோசனைக்கு வந்து, விடும் நாளைக் குறித்தால் 50; நாலு வாரம் தாண்டினால் 50; பன்னிரண்டு வாரத்தில் 100; பிரசவம் நெருங்கும்போது 200. வாய்ப்பேச்சை நம்பிக் கொடுக்கவில்லை, பரிசோதித்தே கொடுத்தார்கள். கூப்பன் இல்லாதவர்களில் 8.6 சதவீதம் பேர் விட்டார்கள். கூப்பன் உள்ளவர்களில் 22.5 சதவீதம்! 2015-ல் வந்த இந்த முடிவைப் பெரிய அளவில் மறுபடி சோதித்தபோதும் 12-க்கு 27 என்று இரண்டு மடங்குக்கு மேலேயே நின்றது. குழந்தை பிறந்த பிறகு பெரும்பாலோர் மறுபடி தொடங்கிவிட்டார்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. பிரசவத்தோடு உதவியை நிறுத்தக் கூடாது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

கர்ப்பிணிக்குத் தவணை தவணையாகப் பணம் தருவது நமக்கும் புதிதில்லை. பதிவு, செக்-அப், தடுப்பூசி என்று படிப்படியாகத் தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை யாராவது 'பிள்ளை பெறுவதற்கு லஞ்சம்' என்றார்களா?

வேலூர் வாசகர்: பணத்துக்குப் பதில் அபராதம், தண்டனை என்று வைத்தால் பயந்து விடுவார்களே?

மருத்துவமனைக்கு வருவதைத்தான் விடுவார்கள். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் 1989-ல் தொடங்கிய ஓர் ஏற்பாட்டைப் பாருங்கள். அங்கே தேடியது கோக்கைன். பிரசவத்துக்கு வந்த பெண்களின் சிறுநீரை அரசு மருத்துவமனை பரிசோதித்து, முடிவை போலீஸுக்குக் கொடுத்தது. 30 பெண்கள் கைதானார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சம்மதமில்லாமல் இப்படிப் பரிசோதித்து போலீஸுக்குக் கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 2001-ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. செவிலியர் போலீஸ் வேலை பார்க்கத் தொடங்கினால் வலியோடு வரும் பெண் யாரை நம்புவாள்?

ஈரோடு வாசகி: ஊத வைத்துப் பலன் கிடைத்ததா?

இங்கிலாந்தில் பிரசவ நேரத்தில் புகைப்பவர்கள் 2010-11-ல் 13 சதவீதத்துக்கு மேல், 2023-24-ல் 7.4. நாட்டில் புகைப்பதே குறைந்துவருவதும் இதில் அடக்கம், எல்லாப் புகழும் கருவிக்கே என்று சொல்ல மாட்டேன்.

புதுச்சேரி வாசகர்: மின்-சிகரெட்டுக்கு மாறினால்?

பிரிட்டனில், சிகரெட்டை விட அது உதவுமானால் கர்ப்பிணியைத் தடுக்க வேண்டாம் என்கிறார்கள். அதில் கார்பன் மோனாக்சைடு இல்லை. ஆபத்தே இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை. இந்தியாவில் 2019-லிருந்து விற்பனைக்கே தடை. இங்கே மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

திண்டுக்கல் வாசகி: எனக்கு ஐந்தாம் மாதம். நான் புகைப்பதில்லை. கணவர் மொட்டை மாடிக்குப் போய்த்தான் பிடிக்கிறார். அது போதும்தானே?

கூடத்தில் பிடிப்பதைவிட நல்லது, போதாது. சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கீழே இறங்கி வரும். மழை நாளில் அவர் மாடிப்படியிலேயே நின்றுவிடுவார். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் புகைப்பவர் அரிது. அவர்கள் இழுப்பது பெரும்பாலும் கணவரின் புகை, விறகடுப்புப் புகை. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு, அந்த நிகோட்டினும் குழந்தையைப் போய்ச் சேரும். கணவரிடம் கோபப்படாமல் சொல்லுங்கள்: அடுத்த செக்-அப்புக்கு அவரும் வரட்டும், மருத்துவர் அவரிடமும் கேட்கட்டும். புகையை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் அவர் கையிலுள்ள பாக்கெட்டிலேயே இருக்கிறது: 1800-11-2356. குழந்தை பிறக்க இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அவர் விடுவதற்கு அது தாராளமான அவகாசம்.