கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறவர்கள்

மலையகத்தில் பழைய துரை பங்களா ஒன்றுக்கு வெள்ளையடித்து ஹோட்டல் என்று பலகை மாட்டினால் போதும், கதவு திறப்பதற்கு முன்பே ரீல் எடுக்கிற பத்துப் பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த வாரமும் போனைத் திறந்தால் அவர்கள்தான். மலையகத்து வட்டவளையில் வருஷத்துக்குச் சராசரியாக 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அவர்களுடைய ரீலில் மட்டும் ஒரு சொட்டு விழாது, அட்டையும் கடிக்காது. அது போகட்டும். அந்த முகத்தை என்ன செய்வது? கேக் உதட்டில் படுவதற்குள் கண் மூடிவிடுகிறது. தலை ஒரு பக்கம் சாய்கிறது. ஒரு கை எழும்பி அந்தரத்தில் நிற்கிறது. ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். பிறகு கண்ணைத் திறந்து, கமராவை அப்போதுதான் கண்டது போலத் திடுக்கிட்டு, ‘வேற லெவல்!’ கட்லட்டுக்கும் அதே முகம், வட்டிலப்பத்துக்கும் அதே முகம், வெந்நீரில் தேயிலைப் பையைத் தொங்கவிட்டதற்கும் அதே முகம். சூப்பில் நாக்கு வெந்தாலும் அதே முகந்தான், ஆகவே பரவசமா வேதனையா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை. லயத்தில் ரொட்டியும் சம்பலும் தின்கிற ஒருவர் இப்படிக் கண்ணைச் செருகினால் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ரீல்காரர்கள் சாப்பிட்டு முடிந்ததும் தலையில் கொழுந்துக் கூடை. அந்தக் கூடைக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் கத்தி, 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. படத்துக்கு மாட்டுகிறவருக்கு இராச் சாப்பாடும் அறையும் இலவசம்.

சொல்ல வந்தது வேறு. இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல என் வாதம். இவர்களுக்கு வந்த தட்டு நமக்கு வராது என்பதுதான். நியூயோர்க் டைம்ஸில் உணவக விமர்சனம் எழுதிய ரூத் ரைக்கல், 1993இல் லே சேர்க் என்ற பேர்போன உணவகத்துக்கு வேஷம் போட்டு யாரோ எவரோவாகப் போனார், அவர்கள் ஆளைத் தெரிந்துகொண்ட பிறகும் போனார். இரண்டு உபசாரத்தையும் அருகருகே வைத்து எழுதி, நான்கு நட்சத்திரத்தை மூன்றாக்கினார். வீடியோ எடுப்பதும் உழைப்புத்தானே என்பார்கள். உழைப்புத்தான், முதலாளிக்குச் செய்கிற விளம்பர உழைப்பு. பத்திரிகைக்காரர்களும் ஓசியில் தின்னவில்லையா? தின்கிறார்கள், அதே பந்தியில் அடுத்த இலை. பத்திரிகைக்காரர்களுக்குக் கண்ணை மூடுவதற்குப் பதில் உரிச்சொல், அவ்வளவுதான். ஓசியானாலும் மனதில் பட்டதையே சொல்வோம் என்கிறவர்கள், கல்யாண வீட்டில் கை நனைத்துவிட்டு சாம்பாரில் உப்பில்லை என்று மைக்கில் சொன்ன ஒருவரைக் காட்டட்டும். அங்கேயாவது மொய் எழுதுகிறோம்! இந்தியாவில் 2023 ஜனவரியில் வந்த அரசாங்க வழிகாட்டி, இலவசமாகத் தங்கினாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. சட்டத்துக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், தம்பிமாரே, தங்கச்சிமாரே. மேசை, விரிப்பு, கரண்டி, மூடுபனி எல்லாவற்றையும் படம் பிடிக்கிறீர்கள். பில்லையும் ஒருமுறை பிடித்துப் போடுங்கள்.