எட்டாவது வள்ளல்

கடையெழு வள்ளல்கள் என்று ஏழோடு கணக்கை முடித்துக்கொண்டது நம் முன்னோர் செய்த அவசரம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் கண்டுவிட்டு, இவர்களை விஞ்ச இனி ஒருவர் பிறக்கப்போவதில்லை என்று எண்ணிவிட்டார்கள். 1975ஆம் ஆண்டில், ஹிந்துஸ்தான் லீவர் திருமாளிகையிலிருந்து, ஃபேர் அண்ட் லவ்லி என்னும் திருநாமம் தரித்து, ஒரு சிறு குழாய்க்குள் அவர் எழுந்தருளப்போவதை அவர்கள் எங்ஙனம் அறிவார்கள்? சிகப்பழகு விளம்பரம் என்னும் அந்தப் பெருந்தகைதான் எட்டாவது வள்ளல்.

பேகனோடு அவரை ஒப்பிடுவதே பேகனுக்குச் செய்யும் உபசாரம். மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணிப் பேகன் போர்வையைப் போர்த்தினான். மயிலுக்குக் குளிரவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. நம் வள்ளலுக்கு அந்த அறியாமை கிடையாது. மயிலுக்குக் குளிரவில்லை என்பதைச் செவ்வனே அறிந்து, முதலில் குளிரை உண்டாக்கி, மயில் நடுங்கத் தொடங்கிய பின்னரே போர்வையை நீட்டும் பேரறிவு அவருடையது. அதையும் இனாமாகத் தந்து மயிலின் மானத்தைக் குலைக்காமல், தக்க விலை வைத்தே தருகிறார்.

இவருடைய கருணைக்கு எங்கள் திருச்சிராப்பள்ளி பட்டிருக்கும் கடன் கொஞ்சநஞ்சமல்ல. சித்திரை வைகாசியில் மலைக்கோட்டைப் படியில் கால் வைக்க முடியாத ஊர் இது. லால்குடிப் பக்கம் புடவைக்கு மேல் ஆண் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்று நடும் பெண்கள், காந்தி மார்க்கெட்டில் விடியுமுன் மூட்டை இறக்கும் ஆண்கள், பொன்மலைப் பணிமனையில் இரும்போடு மல்லுக்கட்டியவர்கள் என்று தலைமுறை தலைமுறையாக வெயிலைத் தோலில் வாங்கிப் பிழைத்த ஜனங்கள். இந்தத் தோலின் கருமை, சூரியனுக்கு எதிராக உடம்பு தானாகவே விரித்துக்கொண்ட குடை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மருத்துவர்களுக்கு என்ன தெரியும்? அது ஒரு பிணி, அதுவும் வேலையையும் கல்யாணத்தையும் கெடுக்கும் பிணி என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒரு வள்ளல் வர வேண்டியிருந்தது.

சத்திரம் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைகளில் அவர் சரம் சரமாகக் காட்சி தருகிறார். சாஷே என்னும் சிறு பொட்டலம் கடலூர் சின்னி கிருஷ்ணனாரின் முயற்சியால் பெயர் பெற்றது. ஏழைக்கும் ஷாம்பூ எட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஏழைக்குத் தன் முகத்தின் மேலான வெறுப்பும் எட்ட வேண்டாமா? அந்தக் குறையை வள்ளல் தீர்த்துவைத்தார். ஒரு மாலை, லால்குடி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு தாய் அந்தச் சரத்திலிருந்து இரண்டு பொட்டலங்களைக் கிழித்து வாங்கினார். “எம்.எஸ்ஸி. கணக்கு படிச்சிருக்கா. கலர் கம்மி, அதான் வர்ற எடமெல்லாம் தட்டிப் போகுது” என்று, கேட்காத கடைக்காரரிடம் தாமாகவே சொன்னார். பக்கத்தில் நின்ற மகள் தலை நிமிரவில்லை. துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்கடை வாசலில், பத்துப் பேர் நடுவில், படித்த பெண்ணொருத்தியை இவ்வளவு அடக்கமாக நிற்கவைக்க எந்தப் பள்ளியாலும் முடிந்ததில்லை. அது வள்ளலின் தனிப் பெருமை.

அவருடைய கல்விப் பணியை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. ஹோலி கிராஸ் கல்லூரி 1923 முதல் திருச்சிப் பெண்களுக்குப் பாடம் சொல்லிவருகிறது. மூன்று வருடம், ஐந்து வருடம், பரீட்சை, அரியர் என்று எத்தனை வீண் அலைச்சல்! வள்ளலின் பாடத்திட்டமோ அரை நிமிடம். மகன் இல்லையே என்று தகப்பனார் பெருமூச்சு விடுகிறார். கறுத்த மகள் அதைக் கேட்டுக் கலங்குகிறாள். களிம்பு பூசுகிறாள். சிவக்கிறாள். விமானப் பணிப்பெண்ணாகிறாள். பெற்றோர் மகிழ்கிறார்கள். மகளாய்ப் பிறந்த குற்றம், கறுப்பாய்ப் பிறந்த குற்றம் ஆகிய இரண்டையும் ஒரே பூச்சில் துடைத்த இந்தக் காவியத்தின் அருமை அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்துக்குப் புரியவில்லை. அவர்கள் புகார் கொடுத்தார்கள். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டது. 2003இல் அந்த விளம்பரம் திரையிலிருந்து இறங்கியது. ரசனையற்ற அரசு.

வள்ளலின் பெருமையைப் பாடும்போது குலமுறை கிளத்தாமல் விடலாகாது. 1884இல் லண்டனில் பியர்ஸ் சோப்புக்கு ஒரு விளம்பரம் வந்தது. தொட்டியில் ஒரு கறுப்பினக் குழந்தை, பக்கத்தில் சோப்போடு ஒரு வெள்ளைக் குழந்தை. அடுத்த படத்தில் கறுப்புக் குழந்தையின் உடம்பு முழுக்க வெளுத்திருக்கிறது, முகம் மட்டும் பழையபடி. ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொள்ளக் கனவான்கள் பெர்லினில் கூடிய அதே ஆண்டில், பங்கு போடப்படுகிறவர்கள் அழுக்கானவர்கள் என்று சோப்பு சான்றிதழ் கொடுத்தது. பியர்ஸை 1917இல் லீவர் குடும்பம் தனதாக்கிக்கொண்டது. அதே குடும்பத்து டவ், 2017இல் கறுப்பினப் பெண்ணொருத்தி மேல்சட்டையைக் கழற்றினால் உள்ளிருந்து வெள்ளைக்காரப் பெண் வெளிப்படும் அற்புதத்தை உலகுக்குக் காட்டி, பின்பு மன்னிப்பும் கேட்டுக்கொண்டது. 133 ஆண்டு இடைவெளி, இரண்டு உலகப் போர், எத்தனையோ நாடுகளின் விடுதலை. இவற்றில் எதுவும் அசைக்காத குலதர்மம் அல்லவா இது!

அயலார் மட்டுமே இந்தத் தொண்டில் ஈடுபட்டார்கள் என்ற பழி தமிழ் மண்ணுக்கு வந்துவிடாதபடி, சென்னையின் கவின்கேர் 1998இல் குங்குமப்பூவையும் பாலையும் குழைத்து ஃபேர்எவர் தந்தது. கலையுலகமும் பின்தங்கவில்லை. 2007இல் வந்த ‘சிவாஜி’ படத்தில் கதாநாயகர் நாயகியின் மனம் கவரச் சிவப்பாக முயல்கிறார். பாட்டு ஒன்றில் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரின் தோல் நிறத்தைக் கணினியால் எடுத்து அவர் மேனியில் பொருத்தினார்கள். அதே படத்தில் இரண்டு பெண்களுக்கு முகத்தில் கரி அப்பினாற்போல் ஒப்பனை செய்து, அங்கவை, சங்கவை என்று பெயரும் சூட்டி, அவர்கள் வந்து நின்றாலே அரங்கம் சிரிக்கும்படி அமைத்தார்கள். அங்கவையும் சங்கவையும் பறம்பு மலைப் பாரியின் மக்கள். தகப்பனை வஞ்சத்தால் இழந்து, மலையை இழந்து, கபிலரோடு வழிநடந்தவர்கள். ஏழு வள்ளல்களில் தலையாயவனின் பெண்களை எட்டாவது வள்ளலின் சபையில் கோமாளிகளாக நிறுத்திய இந்த மரியாதையைச் சங்கப் புலவர் எவரும் கற்பனை செய்திருக்க மாட்டார்.

விளம்பரத் தரநிர்ணயக் குழு 2014இல் சில நியதிகளை வகுத்தது. கறுத்த நிறத்தவரை அழகற்றவராக, துயருற்றவராக, வேலையிலும் கல்யாணத்திலும் பின்தங்கியவராகக் காட்டலாகாது என்றது. ‘முன்’ படத்தில் முகத்தைத் தொங்கப்போடவும் கூடாது என்றது. பெருந்தகை வருந்தவில்லை. அத்தனை வருடப் பயிற்சிக்குப் பிறகு முகத்தைத் தொங்கப்போடும் வேலையை ஜனங்கள் தாமே வீட்டில் செய்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. 2019இல் அட்டைப்பெட்டியிலிருந்து நிற அளவுகோலையும் முன்-பின் முகங்களையும் மனமுவந்து நீக்கினார்.

2020இல் நடந்ததோ திருநாமப் பெருவிழா. அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்தி ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்றார். உலகமெங்கும் கறுப்பின மக்களுக்காகத் தெருவில் இறங்கினார்கள். மினியாபொலிஸில் ஒரு மனிதர் மூச்சுவிட முடியாமல் இறந்த பிறகுதான், 45 ஆண்டுகளாகத் தம் குழாயில் எழுதியிருந்த ‘ஃபேர்’ என்ற சொல் வள்ளலின் திருக்கண்ணில் பட்டது. ஜூலையில் அது ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. ஆண்களுக்கு ‘க்ளோ அண்ட் ஹேண்ட்சம்’. ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ வைத்திருந்த இமாமி, ஹேண்ட்சம் எங்கள் சொத்தாயிற்றே என்று வெகுண்டு எழ, விவகாரம் நீதிமன்றம் ஏறியது. கறுத்தவர்களின் மானத்துக்காக வந்த பெயர் மாற்றத்தில் வள்ளல்கள் தங்களுக்குள் வழக்காடிக்கொண்ட காட்சி, காணக் கண் கோடி வேண்டும். சரத்தில் தொங்கும் பொட்டலம் அப்படியே இருக்கிறது. பெட்டிக்கடையில் இன்றும் “ஃபேர் அண்ட் லவ்லி ஒண்ணு” என்றால்தான் கை அதன் பக்கம் போகிறது.

இமாமியின் தன்னடக்கத்தைத் தனியே போற்ற வேண்டும். டெல்லியில் ஒருவர் 2013இல் 79 ரூபாய்க்கு அந்தக் களிம்பை வாங்கிப் பூசி, சிவக்கவில்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். சத்தான உணவு, உடற்பயிற்சி, நல்ல பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்தால்தான் பலன் கிட்டும் என்று நிறுவனம் அங்கே பணிவோடு சொன்னது. திரையில் களிம்பு ஒன்றே செய்துகாட்டிய அற்புதத்துக்கு, மன்றத்தில் இத்தனை பேரோடு பெருமையைப் பகிர்ந்துகொள்ளும் குணம் யாருக்கு வரும்? 2024 டிசம்பரில் மன்றம் அதை முறையற்ற வணிகம் என்று தீர்த்து, நுகர்வோர் நல நிதிக்கு 14.5 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது.

நன்றி கெட்டவர்களும் இல்லாமல் இல்லை. சென்னையிலிருந்து ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்று ஓர் இயக்கம் தொடங்கி, கறுப்பாகவே இருந்துகொண்டு தலை நிமிர்ந்து நடக்கப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. கோத்தகிரிப் பெண்ணான சாய் பல்லவி, சுமார் 2 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதிய விளம்பர வாய்ப்பை 2019இல் வேண்டாம் என்றார். நம் மேனிக்கு இதுதான் நிறம் என்று அவர் காரணம் சொன்னார். இப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று வள்ளலின் சபையில் யாருக்குமே தோன்றியிருக்காது.

ஆனாலும் வள்ளலின் கொடை இன்னும் சென்று சேராத ஓர் இடம் எங்கள் ஊரில் இருக்கிறது. காவிரிப் பாலம் தாண்டினால் திருவரங்கம். உள்ளே, சுதையாலான நெடிய திருமேனி, விளக்கு வெளிச்சத்தில் கருகருவென்று பள்ளிகொண்டிருக்கிறது. அதற்குக் களிம்பு சாத்துவதில்லை, தைலக்காப்புதான். அது மேனியைக் காக்கும், சிவப்பாக்காது. ‘கலர் கம்மி’ என்று இந்தப் பிள்ளையை எந்த இடமும் தட்டிவிட்டதாகத் தகவல் இல்லை. ரங்கநாயகித் தாயார் இருக்கிறார். உறையூரில் கமலவல்லி நாச்சியார் இருக்கிறார். வில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் இவர்தான் வேண்டும் என்று வந்து கலந்தாள். டெல்லி சுல்தானின் மகள் பிரிய மாட்டாமல் பின்னாலேயே வந்து துலுக்க நாச்சியாராக இங்கேயே தங்கிவிட்டாள் என்பது கோயில் மரபு. பங்குனியில் உறையூருக்கு ஒரு முறை, உத்திரத்தன்று தாயார் சந்நிதியில் ஒரு முறை என்று சேர்த்திக்குப் போகும் இந்த மாப்பிள்ளைக்கு ஊர் வைத்த பெயர் அழகிய மணவாளன். வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கானோர் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதும் இந்தக் கரிய கோலத்தை ஒரு விநாடி சேவிக்கத்தான். சேவித்துவிட்டு ரெங்கவிலாஸ் மண்டபத்துப் பக்கம் வந்தால் கடைகளில் அதே பொட்டலச் சரம். கண்ணில் இன்னும் அந்தக் கருமை நிற்க, கை பொட்டலத்தைக் கிழிக்கிறது. பல நூற்றாண்டு பக்தியால் ஆகாததை அரை நிமிட விளம்பரம் ஆக்கிய வல்லமையை எந்த வாயால் புகழ்வது?

ஆகவே வள்ளல் பெருமானே, திருச்சி ஜனங்களின் சார்பில் தேவரீர் திருமுன் ஒரு விண்ணப்பம். என்.எஸ்.பி. ரோட்டு மாணவிகளையும் லால்குடி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களையும் ‘முன்’ படத்தில் நிறுத்தியது போதும். தேவரீர் கொள்கையில் உறுதியுள்ளவர். கறுப்பு என்பது குறை என்றால் அது எல்லாருக்கும் குறைதான். அடுத்த விளம்பரத்தை 236 அடி ராஜகோபுரத்துக்கு எதிரில், ஊரே காணும்படி வையுங்கள். ‘முன்’ என்ற இடத்தில் அரங்கன் திருமுகத்தைப் போடுங்கள். ‘பின்’ என்ற இடத்தில் என்ன வர வேண்டும் என்பதைத் திருவரங்கத்தார் தங்கள் கையாலேயே காட்டித் தருவார்கள்.