காணாமல் போகும் இரண்டு மணிக்கூர்

எங்கள் வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் காணாமல் போகிறது. கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர், அத்தான். திருவனந்தபுரம் சாலை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கிற மனிதர். கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார். கைக்குழந்தை ராவும் பகலுமாக 12 முதல் 16 மணி நேரம் தூங்க வேண்டும், மூன்று வயசுப் பிள்ளை 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். பில் புத்தகத்தின் பின்னட்டையில் உடனே கூட்டல் போட்டார். ஐந்து மாதச் சின்னவனுக்கு 14, மூன்று முடிய இரண்டு மாதம் இருக்கிற மூத்தவளுக்கு 12, ஆக 26.

“ஒரு நாளைக்கு 24 தானே இருக்கு? அப்போ ரெண்டும் சேர்ந்து ஒறங்குற நேரம் குறைஞ்சது ரெண்டு மணிக்கூர் வந்தே ஆகணும். அது எங்க போச்சு?”

கேட்டது என்னை. கடைப் பையனிடம் கரண்டிக் கணக்குக் கேட்கிற அதே குரல்.

முதலில் ராத்திரியில் தேடிப் பார்த்தேன். சின்னவன் பதினொன்றுக்கு எழுந்திருப்பான், ஒன்றரைக்கு, பிறகு நாலுக்கு. பால் குடித்ததும் கண்ணை மூடிவிடுவான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் மூடியதும் இவள் திறப்பாள். “அம்மா, வெள்ளம்.” (கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த என் அண்ணன் இதை முதல் தடவை கேட்டபோது பாயிலிருந்து துள்ளி எழுந்து தரையைத் தடவிப் பார்த்தான். இங்கே வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். பாதிநாள் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் வளர்கிறவள். பசி தமிழில் எடுக்கும், தாகம் மலையாளத்தில்.) வெள்ளம் குடித்தால் அடுத்தது இருக்கிறதே, அதற்கு மொழி கிடையாது, அவசரம் மட்டும்தான். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. கொல்லைப்புறம் போக மூன்று கதவு, மூன்றுக்கும் தாழ்ப்பாள், மூன்றும் தனித்தனி சுருதி. மூன்றாவது தாழ்ப்பாளுக்குச் சின்னவன் பதில் குரல் கொடுப்பான்.

இப்படி நாலு நாள் முழித்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. அத்தான் கணக்கில் தப்பே இல்லை. அந்த இரண்டு மணி நேரம் எங்கேயும் போகவில்லை, ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம் என்று சில்லறையாக விழுந்துகொண்டிருக்கிறது. வியாபாரிக்குச் சில்லறை பிடிக்கும். எனக்கு நோட்டாக வேண்டும்.

நோட்டு கிடைக்கக்கூடிய ஒரே நேரம் மதியம். ஆனால் நாங்கள் இருப்பது சாலை பஜாரை ஒட்டிய ஆரியசாலை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் சாலைச் சந்தையை உண்டாக்கினார். ஆலப்புழையில் துறைமுகம் அமைத்ததும் அவர்தான், கெட்டிக்காரர். ஆனால் சந்தைக்கு நாலு வீடு தள்ளி ஒருத்தி பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுவாள் என்பதை அவர் யோசிக்கவில்லை. சரக்கு லாரி ஒன்று தெருமுனையில் பின்னால் வர ஆரம்பித்தால் பீப், பீப் என்று பத்து நிமிஷம் ஓடும். அந்தச் சத்தத்துக்குச் சின்னவன் பழகிவிட்டான். பழகாதவள் மூத்தவள். அவளுக்கு அது அழைப்பு. உடனே தானும் லாரியாகி, “பீப், பீப்” என்று சமையலறையிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வருவாள். கூடத்தைத் தாண்டி, முறுக்கு டின்னைத் தட்டி, நேராகத் தொட்டிலில் போய் முட்டி நிற்பாள். இதுவரை ஒரு நாளும் தடம் மாறியதில்லை.

தொட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உத்தரத்துக் கொக்கியில் ஸ்பிரிங் மாட்டி, அத்தையின் பழைய நூல் சேலையைக் கட்டியிருக்கிறோம். அதில் கிடக்கிறவன் பிள்ளைத்தமிழ்க் கணக்குப்படியே வளர்கிறான். பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குப் பத்துப் பருவம், பெண்பாலுக்குப் பத்துப் பருவம். முதல் ஏழு இருவருக்கும் பொது; கடைசி மூன்றில்தான் பிரிவார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை என்று வைத்தார்கள். தவறாமல் எங்கள் வீட்டிலும் ஐந்தாம் மாதம் ஒரு காலை மடக்கி, கையை ஊன்றி, தலையைத் தூக்கி ஆட்டினான். புலவர்கள் குழந்தையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒரு குழந்தைதான் என்று நினைத்துவிட்டார்கள். பெண்ணுக்குக் கடைசிப் பருவம் ஊசல். அந்த ஊசலை இவள் தம்பியின் தொட்டிலில் ஆடுவாள் என்று எந்தக் காப்புச் செய்யுளும் எச்சரிக்கவில்லை. சிற்றில் சிதைத்தல் பையன் வேலை, சிறுபறை முழக்குவதும் பையன் வேலை. இரண்டையும் இவளே எடுத்துக்கொண்டாள். பாத்திரக் கடைக்காரர் வீட்டில் பறைக்கா பஞ்சம்? போணியாகாத அலுமினியச் சட்டி ஒவ்வொன்றும் சாயங்காலம் வீட்டுக்குத்தான் வரும்.

சின்னவன் பொட்டுத் தூக்கம் தூங்குகிறான் என்று கேள்விப்பட்டு, நாகர்கோவிலிலிருந்து வந்த அத்தை மறுநாளே சாலையில் மருந்துக் கடைக்குப் போய்ப் பொட்டலத்தோடு திரும்பினார். வசம்பு. பொழுது சாய்ந்தால் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது, ‘பேர் சொல்லாதது’ என்றுதான் சொல்ல வேண்டும். மூத்தவள் பொட்டலத்தை மோந்து பார்த்தாள்.

“ஆச்சி, இது என்னது?”

“பேரு சொல்லாதது மக்ளே.”

“ஏன் சொல்லாது?”

“சொல்லப்பிடாது.”

“அதுக்குப் பேசத் தெரியாதா? தம்பி மாதிரியா?”

அத்தை அன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிட்டார். வசம்பை உரைத்து வாயில் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மாமியாருக்கும் டாக்டருக்கும் நடுவில் ஒரு ராஜி ஏற்பாடாக, அதைச் சின்னவன் கைக்கு எட்டாத உயரத்தில் தொட்டில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். தூக்கம் வந்ததோ இல்லையோ, எறும்பு வருவதில்லை.

அப்புறம் பாட்டு. தாலாட்டுக்குத் திருவனந்தபுரத்தை விட்டால் வேறு ஊர் ஏது? 1813-ல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி பாடிய ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ கேட்டுத் தூங்காத மலையாளக் குழந்தை குறைவு. கருவில் இருக்கும்போதே ராஜா என்று முடிவாகிவிட்டதால் சுவாதித் திருநாளைக் கர்ப்பஸ்ரீமான் என்பார்கள். (எங்கள் வீட்டிலும் இரண்டு கர்ப்பஸ்ரீமான்கள். சமஸ்தானம்தான் சின்னது.) அந்தப் பாட்டில் ஒரு விசேஷம், தாலாட்டுத்தான், ஆனால் ‘உறங்கு’ என்ற சொல்லே வராது. முழுக்கக் கேள்விகள். இது நிலாவா, பூவா, தேனா என்று குழந்தையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போகும். சேச்சி சொல்லிக் கொடுத்தார், நானும் ஒரு வாரம் பழகி, தொட்டிலை ஆட்டிக்கொண்டே மெதுவாக எடுத்தேன். சின்னவன் கண் சொருகியது. நிலாவா என்ற இடம் வந்தது.

“இல்லம்மா, தம்பி” என்றாள் பக்கத்தில் படுத்திருந்தவள்.

பூவா என்றேன். “இல்ல. தம்பி.”

தேனா? “அம்மா, தம்பிம்மா!” இந்தத் தடவை எழுந்து உட்கார்ந்து, எனக்குப் புரிய வேண்டும் என்று விரலால் குத்திக் காட்டினாள். சின்னவன் எழுந்து அதை ஆமோதித்தான். சுவாதித் திருநாளுக்கும் நாலு வயசு மூத்த அக்கா ஒருத்தி உண்டு, ருக்மிணி பாய். அந்தக் கேள்விகளுக்கு அவள் என்ன பதில் சொன்னாளோ, இரயிம்மன் தம்பி எழுதி வைக்கவில்லை.

மூத்தவளுக்குத் தம்பி மேல் பிரியம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தன் அங்கன்வாடி அமிர்தம் பொடிக் கஞ்சியில் முதல் வாய் அவனுக்குத்தான் நீட்டுவாள். நான் தடுப்பதுதான் பாடு. ஆனால் அவள் மனசில் ஒரு கணக்கு ஓடுகிறது. அதற்குக் காரணம் வேளிமலை முருகன். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை, வேளிமலைக் குமாரகோவில் முருகன் மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருவார்கள். சரஸ்வதிக்குக் கோட்டைப் பக்கம் நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டை அம்மன் கோயில், முருகனுக்கு எங்கள் ஆரியசாலை அம்மன் கோயில். ஒன்பது ராத்திரியும் எங்கள் தெருக்காரர் அவர். விஜயதசமியன்று வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்குக் கிளம்புவார். சொந்த ஊர் சாமி பக்கத்து வீட்டுக்கு வந்தது போல அத்தைக்குத் தலைகால் புரியாது. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுக் கதையும் சொல்லியிருக்கிறார்: முருகன் தம்பி, பிள்ளையார் அண்ணன், மாம்பழம் அண்ணனுக்கே கிடைத்தது, தம்பி கோபித்துக்கொண்டு பழனிக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு தினம் ஒரு தடவை, பெரும்பாலும் நான் தொட்டில் ஆட்டும்போது, மெதுவாக வந்து கேட்பாள்: “அம்மா, நம்ம தம்பி எப்போ பழனிக்குப் போவான்?”

போன செவ்வாய்க்கிழமைதான் நடந்தது. மதியம் 2 மணி 10 நிமிஷம். லாரி இல்லை. அத்தை ஊருக்குப் போயிருந்தார். தொட்டிலை ஆட்டுகிற கை தானாக நின்றது. ஸ்பிரிங் மட்டும் லேசாக முனகியது. கீழே பார்த்தேன். மூத்தவள் ஒரு கையில் சட்டி மூடியைப் பிடித்தபடி, வாயைத் திறந்துகொண்டு, நல்ல தூக்கம். இரண்டும். ஒரே நேரத்தில். எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. கால் பெருவிரலை ஊன்றிச் சமையலறைக்குப் போனேன். சோறு போட்டால் தட்டு சத்தம் கேட்கும். தண்ணீர் குழாய் விசில் அடிக்கும். கடைசியில் அமிர்தம் பொடிப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் பிரித்து, நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். கோதுமை, கடலை, சோயா, வேர்க்கடலை, சர்க்கரை எல்லாம் கலந்தது, மோசமில்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயசு வரைக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது, பரவாயில்லை. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

2 மணி 21-க்குக் கூடத்தில் போன் அலறியது. அத்தான்.

“என்ன, ரெண்டும் ஒறங்கியாச்சா? சும்மா கேட்டேன்.”

அவர் கணக்குப் புத்தகத்தில் அன்றைக்கு 11 நிமிஷம் வரவு வைத்திருக்கிறோம். பாக்கி ஒரு மணி 49 நிமிஷம்.

ஆற்றுகால் பொங்காலை நெருங்குகிறது. 2009-ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் ஏறிய கூட்டம் அது. பொங்கலிடுகிற அடுப்பு வரிசை கோயிலில் தொடங்கி எங்கள் தெருவையும் தாண்டிப் போகும். அத்தனை லட்சத்தில் இரண்டு பிள்ளைகளை ஒரே நேரத்தில் தூங்க வைக்கத் தெரிந்தவர் ஒருத்தியாவது இருப்பார். அவர் எங்கள் வாசலில் அடுப்புக் கூட்டலாம். செங்கல் மூன்று, குடிக்க வெள்ளம், கொல்லைப்புறத்துக்கு வழி எல்லாம் இலவசம். புதுப் பானைக்கு மூடி இல்லையென்றால் அத்தான் தருவார். காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றி வைத்திருக்கிறேன். கதவை ஒற்றை விரலால் தட்டினால் போதும், நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.